உள்ளேன் ஐயா

காசிமேட்டில் ஏலம் சூடுபிடிப்பது விடியற்காலை மூன்று மணி வாக்கில். லாஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஐஸ் பெட்டிகள் இறங்கும். சங்கரா, வஞ்சிரம், கொடுவா, நண்டு என்று தரையெல்லாம் கூறு கூறாகக் கொட்டிக் கிடக்க, ஏலம் விடுகிறவரின் குரல் எல்லாச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அந்தக் கூட்டத்தில் கூடை தூக்குகிற பையன்களில் சிலர் ஏழு மணி ஆனதும் காணாமல் போவார்கள். குழாயடியில் கைகால் கழுவி, இரண்டு தடவை சோப்புப் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் முழங்கையில் ஒரு செதிலாவது ஒட்டிக்கொண்டு கூடவே வரும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், பருவத் தேர்வுக்கு முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேராக 68 என்று இருந்தது. மதிப்பெண் இல்லை, வருகைப் பதிவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் நடுவே என்றால் கண்டொனேஷன் என்ற வருகைக் குறைவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்துக்குத் தேர்வே இல்லை. அலுவலக ஜன்னலில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “நேரத்துக்கு வரத் தெரியாது, பணத்த மட்டும் கடைசி நாள்ல தூக்கிக்கினு வந்துருங்க” என்றார். கட்டினேன். அந்தப் பணத்தைச் சேர்க்க மேலும் ஐந்து நாள் ஏலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஐந்து நாளும் முதல் பீரியட் போயிற்று.

அவர்மேல் எனக்கு இன்று வருத்தமில்லை. அவர் கையில் இருந்தது எண்கள் மட்டும். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டு அறியும் வேலையை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஒதுக்கியிருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

வட சென்னையின் கல்லூரி மாணவர்கள் செய்தியில் வருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில். யாராவது ஒரு பெண்ணோ பையனோ வியக்கத்தக்க மதிப்பெண் வாங்கினால் ஒரு நாள். கும்மிடிப்பூண்டி ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ எந்தத் தடத்துக்கு யார் தலைவன் என்ற ‘ரூட்டு தல’ சண்டை நடந்தால் ஒரு வாரம். பட்டாக்கத்தி பிடிபட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ரயிலில், அதே பெட்டியில், கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் தாளைப் படித்தபடி வந்த இருநூறு பேரை யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்க அங்கே என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எண்ணூரிலிருந்தும் கத்திவாக்கத்திலிருந்தும் ஒருவர் மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் வகுப்புக்கு வந்து சேர்ந்தார் என்றால், அந்த வருகைதான் அங்கே நடந்த சாதனை. மதிப்பெண் அதற்கு அப்புறம்.

2025-ல் சென்னையில் இரண்டு மேடைகள் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேசவிட்டன. ஆகஸ்ட்டில், ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அகரம் அறக்கட்டளை தன் ‘விதை’ திட்டத்தின் பதினைந்து ஆண்டுகளைக் கொண்டாடியது. அந்தத் திட்டத்தின் வழியே படித்து மருத்துவரான 51 பேரை அங்கே மேடையேற்றினார்கள். தாங்கள் வந்த பாதையை அகரம் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு அரங்கமே கலங்கியது. செப்டம்பர் 25 அன்று நேரு உள்விளையாட்டு அரங்கில் தமிழ்நாடு அரசு நடத்திய ‘கல்வியில் சிறந்த தமிழ்நாடு’ விழாவில், தென்காசி மாவட்டத்து மாணவி ஒருவர் மழைக்கு ஒழுகும் வீட்டில் படித்ததையும் அரசின் ‘நான் முதல்வன்’ பயிற்சியால் வேலை கிடைத்ததையும் சொல்லிவிட்டு, தன் முதல் சம்பளத்தை மேடையிலேயே அப்பாவின் கையில் கொடுத்தார். முதலமைச்சர் மு.க.ஸ்டாலினும் விருந்தினராக வந்திருந்த தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் குறைவு. அடுத்து நடந்ததுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தக் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு கட்ட அரசு ஆணை போனது. ஒழுகுகிறது என்று சொன்னது காதில் விழுந்தது, கூரைக்கு ஆணை வந்தது.

அகரத்திலும் எனக்குப் பிடித்தது விழா இல்லை, அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடப்பது. உதவி கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போகிறார்கள். எந்த அறையில் படிக்கிறாய், விளக்கு உண்டா, அப்பா என்ன வேலை, தம்பி தங்கை எத்தனை பேர் என்று பாயில் உட்கார்ந்து கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் காட்டாத ஒன்றை வீடு காட்டிவிடுகிறது. ஒரே 400 மதிப்பெண்ணை இரண்டு வீடுகளில் எடுப்பதற்கு இரண்டு விதமான உழைப்பு வேண்டும் என்பது அந்தப் பாயில் உட்கார்ந்தால்தான் புரியும்.

நேரு அரங்கத்திலிருந்து ராயபுரம் நாலைந்து கிலோமீட்டர்தான். அந்தப் பாயை இங்கே விரித்தால் என்னென்ன காதில் விழும்?

ஏப்ரல் 15

முதலில் மீனவக் குடியிருப்புகள். வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வேண்டும், தடை தேவை, மீனவர்களும் அதை மறுப்பதில்லை. விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக மிஞ்சுவதில் பங்கு. படகு போகாவிட்டால் பங்கு இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆகியிருக்கிறது.

இப்போது கல்லூரி நாட்காட்டியை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே. பிளஸ் டூ முடிவு மே மாதம். விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கைக் கட்டணம், முதல் நாளுக்கு ஒரு நல்ல உடுப்பு எல்லாம் மே, ஜூன். வீட்டில் பணம் வருவது நின்றுபோகும் அதே இரண்டு மாதங்களில் கல்லூரிச் செலவு முழுதும் வந்து நிற்கிறது. காசிமேட்டில் ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்றால், அந்த மே மாதத்தில் அம்மாவின் காதில் இருந்ததோ கழுத்தில் இருந்ததோ அடகுக் கடைக்குப் போயிருக்கும். கட்டணத்தை ஜூலைக்குத் தள்ளி வாங்கிக்கொள்ள ஒரு சுற்றறிக்கை போதும். ஏப்ரல் 15 அந்த வீட்டில் என்னவாக இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அந்தச் சுற்றறிக்கை என்றோ வந்திருக்கும்.

ஜீரோ கேட்

துறைமுகத்தின் ஜீரோ கேட் என்றால் வட சென்னையில் குழந்தைக்கும் தெரியும். உள்ளே போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நின்ற காலங்களில், திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் பேருந்தில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவரே சொல்ல மாட்டார். தூசி, ஹாரன், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே நசுங்காமல் போகும் சைக்கிள். சாலையை விரிவுபடுத்தினார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. ஒரு காலத்துத் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய ஊரில் குளிரூட்டிய ரயில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைக் குப்பங்களுக்கு இன்னும் ஷேர் ஆட்டோதான். தினமும் இரண்டு பக்கமும் மெட்ரோவுக்குக் காசு எடுத்துவைக்கிற வீடுகள் அங்கே அதிகமில்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. அது பல வீடுகளில் மகளின் படிப்பை நிறுத்தாமல் வைத்திருக்கிறது.

அந்த மெட்ரோ தடத்தில் ஒரு நிலையத்தின் பெயர் தியாகராயா கல்லூரி. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. யார் அந்தத் தியாகராயர் என்று ஒரு நிமிடம் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1852-ல் கொருக்குப்பேட்டையில் நெசவாளர் குலத்தில் பிறந்தவர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியைத் தொடங்கிய தலைவர்களில் ஒருவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்ற கேள்விக்குப் பசி என்று பதில் கிடைத்தது, பதிலுக்கு அவர் சோறு போட்டார். இந்தியாவே பின்னால் எடுத்துக்கொண்ட ஒரு திட்டத்தின் வேர் வட சென்னைக்காரர் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதில் இருக்கிறது.

அந்த டிசம்பர்

2023 டிசம்பரை எண்ணூர் மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் கறுப்பாகப் படர்ந்தது. வலை போச்சு, ஃபைபர் போட்டெல்லாம் தார் பூசினதுபோல ஆச்சு, வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. மீனவர்களே கழிமுகத்தில் இறங்கிக் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அது அடங்குவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, தூக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குப்பமே இருட்டில் ஓடியது. பலர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த இரவில் ஓடியவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். வெள்ளத்தில் நனைந்த ரெக்கார்டு நோட்டை வெயிலில் காயப்போட்டிருந்தவர்கள், பாட்டியை முதுகில் சுமந்து ஓடினார்கள். ஜனவரியில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கெல்லாம் ஒரே எழுத்துதான் விழும். காய்ச்சல் என்று படுத்திருந்தவனுக்கும் சினிமாவுக்குப் போனவனுக்கும் அமோனியாவுக்குப் பயந்து உறவுக்காரர் வீட்டில் பத்து நாள் தங்கியவனுக்கும் அதே ‘ஆ’.

இதே கரையில் 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பாறைகளுக்கு நடுவே இறங்கி வாளியால் அள்ளியவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்ததை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கைகளுக்கு எந்த ஆண்டுவிழாவிலாவது ஒரு கேடயம் கொடுத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

விடாமல் நின்ற மாணவரைக் கொண்டாடும்போது ஒரு கவனம் வேண்டும். ‘எவ்வளவு கஷ்டம் வந்தும் படித்துவிட்டாள் பாருங்கள்’ என்று கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கஷ்டம் அப்படியே இருந்தால் பரவாயில்லை என்று சொன்னதாகிவிடும். எண்ணூர் மாணவி சொல்வதை உண்மையாகக் கேட்பது என்றால் குழாயைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் அவள் சொல்வதையும் சேர்த்துக் கேட்பது. பொன்னாடை போர்த்திவிட்டு, பேச்சின் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட முடியாது.

பிராட்வேயில் ஒரு காலை

2022 செப்டம்பர் 5. பிராட்வே பிரகாசம் சாலையில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரி. 1964-ல் வட சென்னைப் பெண்களுக்காக அரசு தொடங்கிய கல்லூரி. அன்று ஆசிரியர் தினம். டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் வந்திருக்க, அங்கேதான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தை மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள கணக்கில். 2024 ஆகஸ்ட்டில் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று பையன்களுக்கும் அது வந்தது.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெராக்ஸ் எடுக்க அப்பாவிடம் கேட்க வேண்டாம். நாப்கின் வாங்க யாரிடமும் கேட்க வேண்டாம். மாசக் கடைசியில் அம்மாவுக்கு இருநூறு ரூபாய் கடன் கொடுக்கலாம். வீட்டில் இவள் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிடும். ‘படிச்சது போதும், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போ’ என்று சொல்ல வாயெடுக்கிற நைனா ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த ஆயிரம்.

பெண்களின் கதையில் இன்னொன்று உண்டு. அதை மேடையில் அவர்கள் சொல்வதே இல்லை, சொல்லத்தக்க கஷ்டமாக அவர்களுக்கே தோன்றுவதில்லை. தண்ணீர். லாரி வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்பது, வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது, அதற்குப் பிறகு குளித்துக் கிளம்புவது. முதல் பீரியடுக்குத் தாமதமாக வரும் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தூங்கும் வீட்டில் படிப்பது இரவு பதினொன்றுக்கு மேல், மாடிப்படியில். பையன்களுக்காவது பூங்காவும் தெருவிளக்கும் உண்டு. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் போல, உட்கார்ந்து படிக்க ஒரு மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் உள்ள இடம் ஒவ்வொரு குப்பத்துக்கும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய மரியாதை எந்தப் பொன்னாடையிலும் இல்லை. வியாசர்பாடியில் வியாசை தோழர்கள் மாதிரியான இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் மாலைப் பாடசாலை நடத்துகிறார்கள். அங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் அதே தெருவில் வளர்ந்து படித்தவர்கள். சின்னப் பிள்ளை ஒன்று ‘எங்க வூட்ல லைட் இல்லண்ணா’ என்றால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இங்கேதான் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நவம்பர் 8-ஆம் தேதியைக் குடும்பத்தின் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களின் நாளாக 2017 முதல் பல கல்லூரிகள் கொண்டாடுகின்றன. ஏழை மாணவர்களின் உயர்கல்விக்கு நிதியுதவி தரும் சட்டத்தில் 1965-ல் அதே நாளில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அந்த நாளில் பேராசிரியர்களில் பலர், ‘நானும் என் வீட்டில் முதல் ஆள்’ என்று எழுதிய பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை அதைப் பார்க்கிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

நம்மிடம் அதைவிடப் பெரிய ஏற்பாடு 2010-லிருந்தே இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ். வருவாய்த் துறை அதிகாரி கையெழுத்திட்டு, இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசே எழுதிக்கொடுக்கும் காகிதம். அதைக் கட்டணச் சலுகைக்காக ஒரு ஃபைலில் செருகிவிட்டு மறந்துவிடுகிறோம். வட சென்னைக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் அந்தக் காகிதத்துக்கு உரியவர்களாக இருந்தவர்கள் எத்தனை பேர்! ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பிறந்து, கூலிக்காரரின் மகனாகப் படித்து, அதே பகுதிக் கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பியவர்கள். முதல் ஆண்டு முதல் நாளில் அவர்கள் தங்கள் கதையை ஐந்து நிமிடம் சொன்னால், பிள்ளைகள் தங்கள் கதையைச் சொல்லத் தயாராகிவிடுவார்கள். சொல்ல விரும்பாத பிள்ளையை விட்டுவிடவும் வேண்டும். கஷ்டத்தை மைக்கில் சொன்னால்தான் உதவி என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு கட்டணம்தான்.

கண்டொனேஷனுக்குத் திரும்புகிறேன். வேலைக்குப் போனதால் வகுப்புக்கு வர முடியாதவரிடம், வராததற்காகப் பணம் வாங்குகிற ஏற்பாடு அது. விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை, வகுப்புக்கு வர வேண்டும்தான். பட்டியலைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெயருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த மாணவரை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒட்டுங்கள் என்கிறேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் மதியம் நடக்கும் இரண்டாவது ஷிப்டு, காலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே போய் நின்றால் தெரியும். நேரத்தை மாற்றினால் பாதிப் பெயர்கள் அந்தப் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும்.

என்னிடம் அப்படிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். பொருளாதார ஆசிரியர். பணம் கட்டிய அந்த வாரத்தில் ஒரு நாள், ஒன்பதே காலுக்கு நான் வகுப்பு வாசலில் நின்றபோது, உள்ளே வரச் சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்ததும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“எங்கிருந்துப்பா வர்றே?”

“காசிமேடு, சார்.”

“வீடு அங்கியா?”

“வீடு திருவொற்றியூர். காலையில ஏலத்துக்குப் போறேன்.”

அவர் என் முழங்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஏலம் எத்தினி மணிக்கு முடியும்?” என்று கேட்டார். ஏழு, மீன் நிறைய வந்தால் ஏழரை என்றேன். அங்கிருந்து பஸ் எவ்வளவு நேரம் என்றார். சொன்னேன். மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோலச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, போ” என்றார்.

மறுநாள் நான் போனபோது மணி ஒன்பதே கால். அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாலேயே உட்காரச் சொன்னார். பாடம் முடிந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மேசை டிராயரைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து, முதல் எண்ணிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஆண்டு முழுக்க அவர் வகுப்பில் வருகைப் பதிவு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எடுத்தார். ஏன் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. என் எண் 31. அது வந்ததும் எழுந்து நின்று, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்: “உள்ளேன் ஐயா.”